நெய்யாற்றங்கரையில் ஒரு கையெழுத்து

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. பாறசாலையைத் தாண்டி, ரப்பரும் வாழையும் மாறிமாறி வரும் மேடுபள்ளங்களில் பஸ் ஏறி இறங்கினால் அமரவிளை. லாரிக்காரர்களுக்கு இந்த ஊர் சோதனைச் சாவடியால்தான் பழக்கம். 2017ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரிச் சாவடிகள் போய்விட்டன. கலால்காரர்கள் மட்டும் இன்னும் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள். 'விளை' என்றால் குமரித் தமிழில் தோட்ட நிலம். 1956ல் போட்ட எல்லைக் கோட்டை ஊர்ப் பெயர்கள் சட்டை செய்யவில்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றங்கரையும் உண்டு. கிடைக்கவில்லை.

அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்தால் சிறிது தூரத்தில் நெய்யாற்றங்கரை டவுன். அங்குள்ள கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் ஒரு பட்ட மரத்தின் அடிப்பாகத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அம்மச்சிப் பிலாவு. எதிரிகள் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா இந்தப் பலாமரப் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது கதை. வழி காட்டிய சிறுவன் கண்ணன்தான் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். அரியணை ஏறிய பிறகு அவர் கட்டியதுதான் கோயில். தினமும் வருகிறவர்கள் மரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறார்கள்.

துரத்தியவர்கள் யார்? எட்டுவீட்டுப் பிள்ளைமார். நிலமும் ஆயுதம் தாங்கிய ஆட்களும் கையில் வைத்திருந்த நாயர் பிரபுக்கள். பத்மநாப சுவாமி கோயில் சொத்தின் நிர்வாகத்திலும் அவர்கள் பிடி இறுகியிருந்தது. மன்னர் பெயருக்குத்தான் மன்னர். இதில் வாரிசுத் தகராறு வேறு. மருமக்கள் வழிப்படி பட்டம் மன்னரின் சகோதரி வழிக்குப் போகும். மன்னர் ராம வர்மாவின் பிள்ளைகளான தம்பிமார் தங்களுக்கே வேண்டும் என்றார்கள். பிள்ளைமார் தம்பிமார் பக்கம் சாய்ந்தார்கள்.

பலாமரக் கதை எல்லோருக்கும் தெரியும். அதே இளவரசர் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை.

அதற்கு முன்கதை அஞ்சுதெங்கில் இருக்கிறது. ஆற்றிங்கல் ராணியின் அனுமதியோடு அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டி மிளகு வாங்கிக்கொண்டிருந்தது. ராணிக்கு ஆண்டுதோறும் பரிசு தரவேண்டும். பல ஆண்டுப் பாக்கி. எங்கள் வழியாகக் கொடு என்றார்கள் பிள்ளைமார். கோட்டைத் தலைவர் வில்லியம் கிஃபோர்டு கேட்கவில்லை. 1721 ஏப்ரலில் சுமார் 140 பேரைக் கூட்டிக்கொண்டு நேராக ராணியிடமே புறப்பட்டுப் போனார். ஒரு சிலரைத் தவிர யாரும் உயிரோடு திரும்பவில்லை. அஞ்சுதெங்குக் கோட்டை ஆறு மாதம் முற்றுகையில் கிடந்தது.

அந்த அடியில் கம்பெனி ஒரு பாடம் படித்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் பரிசு கொடுப்பதைவிட, எல்லோரையும் அடக்கக்கூடிய ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது மலிவு. 1723ல் அஞ்சுதெங்குத் தலைவர் அலெக்சாண்டர் ஆர்முக்கும் திருவிதாங்கூருக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. கம்பெனிக்காகக் குளச்சலில் தன் செலவில் கோட்டை கட்டித் தருவதாக மன்னர் தரப்பு ஒப்புக்கொண்டது. கையெழுத்துப் போட்டவர் 'நெய்யாற்றங்கரை இளவரசர்' மார்த்தாண்ட வர்மா. வயது பதினேழோ பதினெட்டோ. (ஆர்மின் மகன் ராபர்ட், 1728ல் அஞ்சுதெங்கில் பிறந்து, பிற்காலத்தில் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ஆனார்.) கம்பெனியை மட்டும் நம்பவும் இல்லை. 1726ல் மதுரை நாயக்க அரசிடமும் படை கேட்டு ஒப்பந்தம் போடப்பட்டது.

1729ல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் தம்பிமார் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமார் தூக்கிலிடப்பட்டார்கள், வீடுகள் தரைமட்டமாயின, பெண்களும் குழந்தைகளும் மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள் என்று மரபுக் கதைகள் சொல்கின்றன. 1741ல் அதே குளச்சலில் டச்சுப் படை இறங்கித் தோற்றது. அது பாடப்புத்தக வரலாறு.

இந்தக் கதையை அப்படியே பாலைவனத்துக்கு மாற்றலாம். இந்த வட்டாரத்திலிருந்து எத்தனையோ பேர் வேலைக்குப் போன சவுதி அரேபியாவே அந்த இடம். வளைகுடா விவகாரங்களை அன்று கவனித்தது பிரிட்டிஷ் இந்திய அரசின் அரசியல் துறை. திருவனந்தபுரத்தில் ஒரு ரெசிடென்ட் இருந்தது போலப் பாரசீகத்தின் புஷேரிலும் ஒரு ரெசிடென்ட். உள்நாடான நஜ்தில் முதைர், உதைபா, அஜ்மான் என்று பல குலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷேக், தனித்தனிப் பகை. ஹாயிலில் இருந்த இப்னு ரஷீத் துருக்கியர் பக்கம். அவருடைய எதிரி இப்னு சவூதைப் பிரிட்டிஷார் பிடித்தார்கள். 1915 டிசம்பரில் தாரீன் தீவில் பெர்சி காக்ஸ் அவரோடு ஒப்பந்தம் செய்தார். துப்பாக்கி வந்தது, பின்னர் மாதம் 5,000 பவுண்டும் வந்தது. தனக்காகப் போரிட்ட குலத் தலைவர்களே எதிர்த்தபோது, 1929 மார்ச்சில் சபிலாவில் இப்னு சவூது அவர்களை நொறுக்கினார். தப்பிய முதைர் தலைவர் பைசல் அல் துவைஷைப் பிரிட்டிஷாரே 1930ல் அவர் கையில் பிடித்துக் கொடுத்தார்கள். மார்த்தாண்ட வர்மா பட்டமேறியதற்கும் சபிலாவுக்கும் இடையே சரியாக 200 ஆண்டு.

முடிவுகள்தான் வேறு. 1927 ஜித்தா ஒப்பந்தத்தில் இப்னு சவூதின் முழுச் சுதந்திரத்தைப் பிரிட்டன் ஏற்றது. திருவிதாங்கூரின் பாதை எதிர்ப்பக்கம் போயிற்று. நெய்யாற்றங்கரையிலிருந்து திருவனந்தபுரம் போகிற வழியில் வரும் பாலராமபுரத்துக்கு இறங்குகிறவர்கள் கைத்தறி வேட்டிக்காக இறங்குகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் நெசவு. ஊர்ப் பெயருக்குரிய பாலராம வர்மாதான் 1805ல் ரெசிடென்ட் மெக்காலேயிடம் கையெழுத்திட்ட மன்னர். ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் கம்பெனிப் படைச் செலவு. ரெசிடென்டின் யோசனையைக் கேட்டு நடக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பணம் பாக்கி விழுந்தது. தளவாய் வேலுத்தம்பி 1809 ஜனவரியில் குண்டறையில் விளம்பரம் வெளியிட்டுக் கலகம் செய்தார். ஆரல்வாய்மொழி அரண் விழுந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை விட்டார். எட்டு வீடுகள் இருந்திருந்தால் கம்பெனி எட்டு இடத்தில் பேரம் பேசியிருக்க வேண்டும். ஒரே அரண்மனை ஆகிவிட்டதால் ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது. மார்த்தாண்ட வர்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினெட்டு வயதில், உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் எண்பது வருடம் தள்ளி யோசிக்க முடியாது.

பிள்ளைமார் தரப்பைப் பேச யாரும் இல்லை. சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவல் 1891ல் வந்தபோது அவர்கள் நிரந்தர வில்லன்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் ஒளிந்த மரம் எதையும் யாரும் பாதுகாக்கவில்லை. ஆனால் எட்டு வீடுகளின் பெயர்கள் பஸ் போர்டுகளில் இருக்கின்றன. கழக்கூட்டத்தில் இப்போது டெக்னோபார்க். வெங்கானூர் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பக்கம். பாலராமபுரம் தாண்டியதும் கண்டக்டர் "பள்ளிச்சல், பள்ளிச்சல்" என்று குரல் கொடுக்கிறார். நாலைந்து பேர் இறங்குகிறார்கள்.