அடிக்கு முன் ஒரு கையெழுத்து

போர்ட் பிளேருக்குப் போகிறவர்கள் செல்லுலார் சிறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1906-ல் கட்டி முடித்தபோது அதற்கு ஏழு சிறகுகள். இன்று நிற்பவை மூன்றே. கைதிகளைக் கட்டிவைத்து அடித்த முக்கோணச் சட்டத்தின் மாதிரியை அங்கே காணலாம். பார்க்கும்போதே நெஞ்சு பதறுகிறது!

பிரிட்டிஷ் இந்தியாவில் 1894-ம் வருஷத்துச் சிறைச் சட்டம் சில வரம்புகள் வகுத்தது. முப்பது அடிக்கு மேல் கூடாது. பெண்களை அடிக்கவே கூடாது. தவணை தவணையாகவும் அடிக்கக் கூடாது. முன்னதாக வைத்தியர் கைதியைப் பரிசோதித்து, 'தாங்குவான்' என்று எழுதித் தரவேண்டும். அடி விழும்போது அவரோ, அவருடைய உதவியாளரோ அருகில் நிற்கவேண்டும்.

நோயாளியைக் காப்பாற்றியது அந்தப் பரிசோதனை, வாஸ்தவம். ஆனால் திடகாத்திரமானவனுக்கு? உடம்பு நன்றாக இருந்ததே அவன் குற்றமாயிற்று! நோய் தீர்க்கப் படித்த கைதான் அடிக்கும் அனுமதி எழுதியது.

கோர்ட்டுகள் விதித்த கசையடியைச் சுதந்திர இந்தியா 1955-ல் ஒழித்தது.