சார்ஜ் கொடுக்காமல் போன கம்ப்யூட்டர்

இந்த வாரம் கம்ப்யூட்டர் சமாசாரம். பயப்பட வேண்டாம். அரசு அலுவலகத்தில் ஒரு வருடமாவது கோப்பு நகர்த்தியவர்களுக்கு இது சுலபமாகவே புரியும்.

என் அண்ணன் மகன் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தான். எங்கள் புதுச்சேரிக் குடும்பங்களில் இது சகஜம். நானும் அங்கே பிரெஞ்சு வழியில் படித்தவன்தான். ஆனால் குமாஸ்தா வேலை கிடைத்ததும் கப்பல், விமானம் எல்லாம் மறந்துபோயிற்று. ஓய்வுக்குப் பிறகு மகனோடு நெல்லிவாசல்நாட்டுக்கு வந்தது உங்களுக்குத் தெரிந்த கதை.

அண்ணன் மகனுக்குத் தகுதிகாண் பருவம் முடிய இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் கம்பெனியின் மெயில் சர்வரை மாற்றி, புதிய எக்ஸ்சேஞ்ச் நிறுவ வேண்டும். மூன்று இரவு முயன்றான். ஒவ்வொரு முறையும் நிறுவல் ஆரம்பத்திலேயே நின்றது. புதிய மெஷினில் விண்டோஸை இரண்டு தடவை அழித்துப் போட்டும் பலனில்லை. ஜனவரிக் குளிரில் ஒருநாள் விடிகாலை ஐந்தரைக்கு எனக்கு போன் செய்தான். அவனுக்கு அப்போது இரவு ஒரு மணி. "சித்தப்பா, தூக்கம் வரலை. சும்மா பேசணும்போல இருந்தது" என்றான். வேலை போய்விடுமோ என்ற பயம் குரலில் தெரிந்தது.

"என்னதான் சொல்லுது அந்த மெஷின்? வாசி" என்றேன். பிரெஞ்சில் வாசித்தான். அதில் 'அன்யுவேர்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. நாங்கள் பள்ளியில் டெலிபோன் டைரக்டரிக்குச் சொன்ன அதே சொல். 1980களில் பிரான்சில் வீடு வீடாக மினிடெல் பெட்டி கொடுத்தபோது, அதன் முதல் வேலையே அந்த அன்யுவேரைத் திரையில் காட்டுவதுதான். 2012 ஜூன் 30 அன்று அந்தச் சேவை நின்றது. சொல் மட்டும் கம்ப்யூட்டருக்குள் நிலைத்துவிட்டது.

விஷயம் இதுதான். மெயில் சர்வர் ஒரு தபால் ஆபீஸ். யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன அதிகாரம் என்று அது தானாக எழுதி வைத்துக்கொள்வதில்லை. முன்பு எக்ஸ்சேஞ்ச் தனிப் பதிவேடு வைத்திருந்தது. எக்ஸ்சேஞ்ச் 2000 வந்தது முதல், விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி என்ற பொதுப் பதிவேட்டையே நம்பியிருக்கிறது. நிறுவும்போது முதலில் அந்தப் பதிவேட்டில் தனக்கு வேண்டிய புதிய கலங்களைச் சேர்க்கும். அப்படிக் கலம் சேர்க்கும் அதிகாரம் எல்லா மெஷினுக்கும் இல்லை. முழு அமைப்புக்கும் ஒரே ஒரு மெஷின்தான் அந்தப் பொறுப்பில் இருக்கும். அதற்கு ஸ்கீமா மாஸ்டர் என்று பெயர்.

வழக்கமாகப் பார்க்க வேண்டியதை எல்லாம் பையன் பார்த்திருந்தான். டிஎன்எஸ் முகவரி வெளி இன்டர்நெட் கம்பெனியைக் காட்டாமல் உள் சர்வரைக் காட்டுகிறதா, தன் கணக்கு ஸ்கீமா அட்மின்ஸ், என்டர்பிரைஸ் அட்மின்ஸ் குழுக்களில் இருக்கிறதா, கடிகாரங்களுக்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் உண்டா. எல்லாம் சரி.

நான் குமாஸ்தா புத்தியில் ஒன்று கேட்டேன்: "அந்த ஸ்கீமா பொறுப்பில் இப்போ யார்டா இருக்கிறது?"

கட்டளை ஒன்றைத் தட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்: "சித்தப்பா, அப்படி ஒரு மெஷினே இங்கே இல்லை."

இரண்டு வருடத்துக்கு முன் பழுதான பழைய சர்வர் அது. அப்போது இருந்தவர் அதைக் கழற்றிப் பழைய சாமானுக்குப் போட்டுவிட்டார். போகும் முன் அதன் பொறுப்பை வேறு மெஷினுக்கு மாற்றவில்லை, பதிவேட்டிலிருந்து பெயரையும் எடுக்கவில்லை. நம் பாஷையில், சார்ஜ் கொடுக்காமல் போன அதிகாரி. இரண்டு வருடம் எல்லோரும் லாகின் செய்தார்கள், அச்செடுத்தார்கள், ஒரு குறையும் தெரியவில்லை. அந்த ஒரு கையெழுத்து தேவைப்பட்ட அன்றுதான் நாற்காலி காலி என்பது தெரிந்தது.

நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றிலும் இப்படித்தான். மாற்றலான ஒருவர் இரும்புப் பெட்டியின் சாவியோடு போய்விட்டார். பல மாதம் யாரும் கவனிக்கவில்லை. மார்ச் 31 அன்று மாலை பெட்டியைத் திறக்க வேண்டி வந்தபோது ஆபீஸே தலைகீழானது.

இதற்கு வைத்தியம் உண்டு. உயிரோடிருக்கும் சர்வர் ஒன்று அந்தப் பொறுப்பை வலுக்கட்டாயமாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு இறந்த மெஷினின் பெயரைப் பதிவேட்டிலிருந்து சுத்தமாக நீக்க வேண்டும். ஒரே நிபந்தனை: பழைய மெஷினை யாராவது பழுதுபார்த்துக் கொண்டுவந்தாலும் மறுபடி நெட்வொர்க்கில் சேர்க்கக் கூடாது. ஒரு நாற்காலியில் இரண்டு அதிகாரி உட்கார்ந்தால் என்னாகும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

முழு பேக்கப் எடுத்துவிட்டு மறுநாள் இரவு செய்தான். நான்காவது முயற்சியில் எக்ஸ்சேஞ்ச் ஏறியது. வேலையும் நிரந்தரமானது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயில் உண்டியல் சாவி, குழுவின் வங்கிக் கணக்கில் கையெழுத்து, நிலப் பத்திரம் இருக்கும் இடம் என்று நம் ஒவ்வொருவர் பேரிலும் ஏதாவது பொறுப்பு இருக்கும். இப்போது எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது. ஆனாலும் யாரிடம் சார்ஜ் கொடுக்கப் போகிறோம் என்பதை எழுதி வைத்துவிடுவோம். நான் போன வாரம் மகனை உட்கார வைத்து எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம் வந்தது.