நான் ஒருவன் எழுந்தால் என்ன?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை இயற்பியல்)

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1895-ஆம் ஆண்டு பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பக்கம் இறங்குகிறது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் தருகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்துவிட்டு வைகை அணைக்குப் போய்ச் சேருகிறது. அந்த நீரைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதனிடம் நடந்துகொள்ளும் முறையை நாம் கற்றிருக்கிறோமா? இந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அது பெருமைப்படத்தக்க தகுதி அன்று.

அப்போது நான் பதினோராம் வகுப்பு மாணவன். பொங்கல் விடுமுறை. எங்கள் ஊர்க் கண்மாய் கரை தொட்டு நிரம்பியிருந்தது. அங்கே மீன் பிடிக்கும் ஒருவரிடம் ஒரு பரிசல் உண்டு. உறவில்லை என்றாலும் ஊர்முறைக்கு அவரை நான் மாமா என்றுதான் அழைப்பேன். நாங்கள் ஐந்து நண்பர்கள் அவரிடம் போய், "மாமா, ஒரே ஒரு சுற்று" என்று கெஞ்சினோம். "ரெண்டு ரெண்டு பேரா வாங்கப்பா, சுத்திக் காட்டுறேன்" என்றார். ஐவரும் சேர்ந்து போவதில்தானே இன்பம்? விடாமல் நச்சரித்தோம். இறுதியில் அவர் இசைந்தார். "எல்லாரும் அடியில உக்காந்துக்கங்க. எவனும் எந்திரிக்கக் கூடாது" என்று இரண்டு முறை சொன்னார்.

கண்மாயின் நடுவை அடைந்தபோது எதிர்க்கரை மரங்களிலிருந்து கொக்குக் கூட்டம் ஒன்று வெள்ளைத் துணியை உதறினாற்போல எழுந்தது. நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு படம் பிடிக்க எழுந்து நின்றேன். "உக்காருடா" என்று மாமா கத்தியது காதில் விழுந்தது. நான் ஒருவன் எழுந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து மற்றொருவனும் எழுந்தான். அடுத்த கணம் வானம் சாய்ந்தது. நாங்கள் அனைவரும் தண்ணீருக்குள் இருந்தோம்.

எங்களில் மூவருக்கு நீந்தத் தெரியும். ஒருவன் கவிழ்ந்த பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவனைக் காணவில்லை. மாமாதான் மூழ்கி, அவன் தலைமுடியைப் பற்றி மேலே கொண்டுவந்தார். கரையில் போட்டபோது அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தான். ஊரே திரண்டு வந்து, எப்படிக் கவிழ்ந்தது என்று கேட்டது. நான் சொன்னேன்: "பரிசல் பழசு. தண்ணி உள்ளே வந்துச்சு."

அந்த ஒரு பொய்யை ஊர் நம்பிவிட்டது. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள் இனிமேல் பரிசலோடு வர வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் அவர் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குப் போனார். பந்தலின் கீழே குனிந்து நிற்கும் அவரைப் பேருந்துச் சன்னலிலிருந்து பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆண்டுகள் சென்றன. நம் கல்லூரியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, துறைச் சுற்றுலாவாகத் தேக்கடிக்குச் சென்றோம். கம்பத்திலிருந்து மலைச்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் குமுளி, அதையடுத்துத் தேக்கடி. புறப்படுவதற்கு முன்பு எங்கள் பேராசிரியர் வகுப்பில் ஒரு செய்தியைச் சொன்னார். எனக்கு அது புதிதன்று. அது நடந்தபோது நான் நான்கு வயதுக் குழந்தை. அன்றிரவு எங்கள் தெருவில் யாருமே சரியாக உறங்கவில்லை என்று என் தாயார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்னும் இரண்டடுக்குப் படகு, எழுபதுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு பெரியாற்று ஏரியில் சென்றது. புயல் இல்லை, பாறையில் மோதவும் இல்லை. படகும் பழையதன்று, ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட நிறையவில்லை. கரையில் காட்டு விலங்குகளைக் கண்ட பயணிகள் அவற்றைப் பார்க்க ஒரு பக்கமாகத் திரண்டார்கள் என்றும், படகு சாய்ந்து கவிழ்ந்தது என்றும் செய்திகள் வந்தன. 45 உயிர்கள் போயின. உயிர்காப்புச் சட்டையாகிய லைஃப் ஜாக்கெட்டைப் பயணிகள் அணிந்திருக்கவில்லை. பல மாநிலங்களிலிருந்து விடுமுறை மகிழ்ச்சியோடு வந்தவர்கள் அவர்கள். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. நம் வயலுக்கும் வாய்க்கும் வருகிற அதே தண்ணீரில்தான் இது நடந்தது.

எங்கள் படகில் ஏறும்போதே ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். தண்ணீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்களின் கரிய முனைகள் ஏரியெங்கும் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. ஒரு வளைவில் திரும்பியபோது புல்வெளியில் காட்டெருமைக் கூட்டம்! "அதோ, அதோ" என்ற கூச்சலோடு பலர் எழுந்தார்கள். படகுப் பணியாளர் உட்காரும்படி சத்தமிட்டார். நான் இருக்கையை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, "உட்காருங்கடா" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பக்கத்திலிருந்த நண்பன் சிரித்துக்கொண்டே, "நான் ஒருத்தன் எந்திரிச்சா படகு கவுந்திருமாடா?" என்றான்.

என் நெஞ்சில் சுருக்கென்றது. அவன் கேட்டது அன்று நான் எனக்குள் சொல்லிக்கொண்ட சொல் அல்லவா? பணியாளரின் அதட்டலுக்கு எல்லோரும் அமர்ந்துவிட்டார்கள். படகு நலமாகக் கரை சேர்ந்தது. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவன் கேள்விக்கு இயற்பியல் மாணவன் என்ற முறையில் விடை சொல்ல முயல்கிறேன். படகின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்து கீழ்நோக்கி இழுப்பதாகக் கொள்ளலாம். அது ஈர்ப்பு மையம். நீர் படகை மேல்நோக்கித் தாங்குவதும் ஒரு புள்ளியின் வழியே என்று கொள்ளலாம். அது மிதப்பு மையம். படகு சற்றே சாயும்போது மிதப்பு மையம் சாய்ந்த பக்கம் நகர்ந்து, படகை மீண்டும் நிமிர்த்த முயலும். எடை தாழ்வாக இருக்கும்வரை இந்த முயற்சி வெற்றி பெறும். உட்கார்ந்திருப்பவர் எழுந்தாலும், கீழ்த்தளத்தில் உள்ளவர் மேல்தளம் ஏறினாலும் ஈர்ப்பு மையம் உயர்கிறது. உயர உயர, நிமிர்த்தும் ஆற்றல் குறைகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு, நிமிர்த்த வேண்டிய நீரே கவிழ்த்துவிடும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒருவர் எடை 60 கிலோ. அவர் மட்டும் எழுந்தால் பெரிய படகு பொருட்படுத்தாது. ஆனால் காட்டெருமை அவர் ஒருவர் கண்ணுக்கு மட்டுமா தெரிகிறது? முப்பது பேர் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் நகர்ந்தால் 1,800 கிலோ இடம் மாறுகிறது. அந்த முப்பது பேரில் ஒவ்வொருவரும் "நான் ஒருவன்தானே" என்றுதான் நினைத்திருப்பார்.

இதற்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. 1915-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில், 'ஈஸ்ட்லாண்ட்' என்ற கப்பல் புறப்படும் முன்பே, துறையில் கட்டியிருந்த நிலையிலேயே ஆற்றில் புரண்டது. 844 பேர் மாண்டனர். மேற்பகுதியில் எடை மிகுந்து, எளிதில் சாயக்கூடிய கப்பல் அது. மலையாள மகாகவி குமாரன் ஆசான் 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் பல்லனையில் படகு கவிழ்ந்துதான் இறந்தார். நம் பழவேற்காட்டு ஏரியில் 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று 22 பேர் மூழ்கினர். கேரளத்தின் தானூரில் 2023 மே 7-ஆம் நாள் அளவுக்கு மீறி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தனர். இவற்றில் எதுவும் நடுக்கடலில் நடந்ததன்று. எல்லாமே கரையின் அருகில், நாம் பயப்படத் தோன்றாத நீரில் நடந்தவை.

ஆனால் பயணிகள் எழுந்ததால்தான் கவிழ்ந்தது என்று சொல்லி முடித்துவிடுவது நேர்மையா? தேக்கடி விபத்தை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி மொய்தீன்குஞ்சு தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. படகின் நிலைத்தன்மையிலேயே குறை இருந்ததையும், சரிபார்க்க வேண்டியவர்கள் சரிபார்க்கத் தவறியதையும் விசாரணை வெளிப்படுத்தியது. விலங்கைக் கண்டால் மனிதன் எழுவான். காட்டுக்குள் அவனை அழைத்துப் போவதே அதற்காகத்தான். அது தெரிந்தே படகைக் கட்ட வேண்டும். தெரிந்தே ஆளை ஏற்ற வேண்டும். இறந்தவர்கள் தலையில் பழியைப் போடுவது எளிது. அவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். ஏழை மீனவர் தலையில் நான் பழியைப் போட்டதும் அதே எளிமையால்தான்.

ஆகவே, நண்பர்களே, நீரில் பாதுகாப்பு என்பது பலர் சேர்ந்து பிடிக்கும் கயிறு. கட்டுபவர், சோதிப்பவர், சீட்டுக் கொடுப்பவர், ஓட்டுபவர், ஏறுபவர் என எவர் கை நழுவினாலும் அது அறும். மற்றவர்களின் பங்கு நம் கையில் இல்லை. நம் பங்கு இருக்கிறது. கூட்டம் மிகுந்த படகைக் கண்டால் அடுத்ததற்குக் காத்திருப்போம். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளாமல் எல்லா வாரையும் இழுத்துப் பூட்டிக்கொள்வோம். பூட்டாத சட்டை நீரில் விழுந்ததும் தலைக்கு மேல் கழன்று போகும். நன்றாக நீந்துபவனுக்கும் அது வேண்டும். அடிபட்டு மயங்கியவனுக்கு நீச்சல் உதவாது. கைப்பேசிப் படம் உட்கார்ந்தே எடுக்கலாம். ஓட்டுபவர் "உட்கார்" என்றால் காரணம் கேட்கக் கரையில் நேரம் இருக்கிறது. நீந்தத் தெரியாதவர்கள் தக்கவர் துணையோடு கற்றுக்கொள்வோம். பாதுகாப்புச் சட்டை தராத படகில், இலவசமாக அழைத்தாலும் ஏறாதிருப்போம்.

தேக்கடியிலிருந்து திரும்பிய மறுவாரம் மாமாவின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். கண்மாய் வேறு குத்தகைக்கு மாறிய பின் பழைய தொழிலுக்கே திரும்பியிருந்தார். தொண்டை அடைக்க, "மாமா, அன்னைக்குப் பரிசல்ல தண்ணி வரல. நான்தான் எந்திரிச்சேன்" என்றேன்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் மாப்ள. நான்தான உக்காருன்னு கத்துனேன்" என்றார்.

"பின்ன ஏன் மாமா ஊர்ல சொல்லல?"

"அஞ்சு பேர ஏத்துனது யாரு? நான்தானே? நீ எந்திரிச்சது உன் தப்பு. நீங்க எந்திரிப்பீங்கன்னு தெரிஞ்சும் ஏத்துனது என் தப்பு. அந்தப் பய செத்திருந்தா இதப் பேசி என்ன ஆகப் போகுது?"

சற்று நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு அவர் சுவரோரம் கையைக் காட்டினார். அங்கே ஆணியில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கின. "ரெண்டுதான் வாங்க முடிஞ்சது. அதனால இப்ப ரெண்டு பேருக்கு மேல ஏத்துறதில்ல" என்றார்.

அன்று மாலையே ஊர்ப் பெரியவர்களிடமும், மூழ்கிப் பிழைத்த நண்பனின் தாயாரிடமும் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏசவில்லை. வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காப்பி கொடுத்து அனுப்பினார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டும் நம் கல்லூரியிலிருந்து தேக்கடிக்கோ வேறொரு நீர்நிலைக்கோ சுற்றுலா போவார்கள். கரையில் யானை தெரியும், மான் தெரியும், கால்கள் தாமாக எழ முயலும். அந்தக் கணத்தில் "நான் ஒருவன் எழுந்தால் என்ன?" என்ற எண்ணம் உங்களுக்குள்ளும் தோன்றும். தோன்றினால், இந்தக் கட்டுரையை நினைத்து உட்கார்ந்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரையும் கையைப் பிடித்து உட்கார வையுங்கள்.