ஊர்ப் பெயர் தாங்கிய கைத்தடி

பாச்சாங்கிலிருந்து மலாக்கா நகருக்குப் போகும் வாசகர்களே, ஆற்றங்கரையில் சற்று நில்லுங்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயச் சீமான்கள் ஊன்றி நடந்த ‘மலாக்கா பிரம்பு’க்குப் பெயர் தந்த துறைமுகம் இது. மலாய்க்காரர் அதை ‘ரோத்தான் செமாம்பு’ என்பர். சுமத்ராவின் சியாக்கிலிருந்தும் அந்தப் பிரம்பு வந்தது. பெயர் மட்டும் நம் ஊருடையது.

அதற்கு அத்தனை மதிப்பு ஏன்? கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி மிக நீளம். இடையில் ஒட்டுப் போடாமல் முழுத் தடியையும் ஒரே துண்டாக வெட்டலாம்.

மரத்தடியைத் துண்டு துண்டாகச் செய்தால் வேலை அதிகம். இரு முனைகளிலும் நடுவே நேராகத் துளையிட வேண்டும். முளையையோ திருகாணியையோ ஆழமாக இறக்கிப் பசையிட வேண்டும். மேலே பித்தளைப் பூண் போட வேண்டும். துளை கோணினால் தடியும் கோணும். பிரம்புத் தடியிலும் கைப்பிடி சேரும் இடம் ஓர் ஒட்டுத்தான். தடி முதலில் தளர்வது அங்கேதான்.

பால்மரம் வெட்டி ஓய்ந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? இன்றே அவர்கள் கைத்தடியின் கைப்பிடியை அசைத்துப் பாருங்கள். ஆடினால் துணி சுற்றிச் சமாளிக்காதீர்கள். தச்சரிடம் கொடுத்து முளையை மாற்றுங்கள். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். முதுமையில் ஒரு விழுக்காடு, படுக்கையில் பல மாதம்!