ஆறு தொலைந்துபோகும் ஊர்

காலாதூங்கியில் பேருந்தை விட்டு இறங்கியதும் இதை எழுதுபவர் தேடிப் போனது ஆற்றை. வரைபடத்தில் பௌர் ஆறு ஊரை ஒட்டி நீலக்கோடாக இறங்குகிறது. நேரில் கிடைத்தது கல்தான். தேங்காய் அளவிலும் அம்மி அளவிலும் உருண்டு தேய்ந்த கற்கள் அகலமாகப் பரந்து கிடக்க, நடுவே கணுக்கால் நனையும் ஓடை. தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் அதுவும் இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டதற்கு டீக்கடைக்காரர் விரலால் தரையைக் காட்டினார்.

அவர் காட்டியது சரியான திசை. உத்தராகண்டின் நைனிதால் மாவட்டத்தில், இமயமலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் இருக்கிறது இந்தச் சிற்றூர். செங்குத்தாக இறங்கும் ஆறுகள் இங்கே சரிவு குறைந்ததும் வேகம் இழந்து, சுமந்துவந்த பாறையையும் சரளையையும் கொட்டிவிடுகின்றன. யுகயுகமாகக் கொட்டியதில் 8 முதல் 16 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையடி நெடுகச் சரளைப் பட்டை ஒன்று உருவாகியிருக்கிறது. அதற்குப் பெயர் பாபர். (முகலாய மன்னருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சல்லடையில் ஊற்றிய தண்ணீர் மாதிரி ஆறு இதற்குள் இறங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் மட்டும் அதே படுகையில் பாறைகளை உருட்டிக்கொண்டு வெள்ளம் பாயும்.

தண்ணீர் ஆழத்தில் இருந்தாலும் காடு செழிப்பாகவே நிற்கிறது. பெரும்பாலும் சால மரங்கள். நம்மூரில் புகை போடும் குங்கிலியம் இந்த மரத்தின் பிசின்தான். மார்ச்சில் போனால் முள்ளிலவு இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்திருக்கும். பக்கத்து நகரமான ஹல்த்வானிக்குப் பெயர் கொடுத்த ஹல்து மரமும் இங்கே உண்டு. தமிழில் அது மஞ்சக்கடம்பு. நைனிதாலுக்கு ஏறும் சுமார் 30 கிலோமீட்டர் சாலையில் சாலம் மறைந்து ஊசியிலைப் பைன் வருகிறது, பிறகு ஓக். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று காடுகள். ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போடுவதில் தப்பே இல்லை.

ஊர்ப் பெயருக்கு மூலமான 'காலா துங்கா' என்றால் கறுப்புக் கல். இரும்புத் தாது கலந்த கல் அது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே உலை வைத்து இரும்பு உருக்கினார்கள். உலைக்குக் கரி வேண்டும், கரிக்குக் காடு வேண்டும். அந்தத் தொழில் நீடிக்கவில்லை, காடு பிழைத்தது.

இந்த மலைப்பகுதியான குமாவுனின் கிராமத்தார் குளிர்காலத்தில் மாடுகன்றோடு பாபருக்கு இறங்கி, வெயில் காய்ந்துவிட்டு, கோடை வருமுன் மேலே திரும்புவது பழைய வழக்கம். அந்நாளில் கோடையில் தங்கியவர்களை மலேரியா விட்டதில்லை. தண்ணீர்ப் பிரச்சினைக்கு வழி கண்டவர் ஹென்றி ராம்சே. 1856 முதல் 1884 வரை குமாவுன் கமிஷனராக இருந்த அவர், ஆறு மண்ணுக்குள் மறைவதற்கு முன்பே அதைப் பிடித்துக் கால்வாய்களில் திருப்பினார். பாபரில் நிலையான விவசாயம் வேரூன்றியது அதற்குப் பிறகுதான்.

மலைக்காரர்களைப் போலவே கோடைக்கு நைனிதால், குளிருக்குக் காலாதூங்கி என்று வாழ்ந்த குடும்பத்தில் 1875-இல் பிறந்தவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிக் கதைகளால் உலகுக்குத் தெரிந்தவர். ஊரை ஒட்டிய சோட்டி ஹல்த்வானியில் அவர் நிலம் வாங்கிக் குடியானவர்களைக் குடியேற்றினார். 1947-இல் அவர் கென்யாவுக்குப் போய்விட்டார். வீடு இப்போது அருங்காட்சியகம். வருகிறவர்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் பார்க்க வேண்டியது கிராமத்தைச் சுற்றி அவர் கட்டிய கல்சுவர். காட்டுப்பன்றியும் மானும் பயிரில் இறங்காமல் இருக்கக் கட்டியது. புலிக்கதை எழுதியவருக்குப் பன்றிதான் அன்றாடத் தலைவலி! கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊரில் அதைவிடப் பொருத்தமான வேலி ஏது?

மறுநாள் பாஜ்பூர் பக்கம் போகும் பேருந்து. ஒரு மணி நேரத்துக்குள் கல் காணாமல் போய், மண் கறுத்து, இருபுறமும் கரும்பும் நெல்வயலும் வந்துவிட்டன. இது தராய். பாபரில் உள்ளே போன தண்ணீர், களிமண் அடுக்கு தடுப்பதால் இங்கே மேலே வருகிறது. சில இடங்களில் குழாய் இறக்கினாலே தானாகப் பொங்கும். கிழக்கே குலர்போஜ் அருகில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் பெயர் பௌர்.