'நல்லா இருக்கன்' எண்டு சொல்றத விட்ட பிறகு

ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு அம்மா பேசாலையில இருந்து கோல் எடுப்பா. "சாப்பிட்டியா மகள்? எப்பிடி இருக்கிறாய்?" எண்டு கேப்பா. "நல்லா இருக்கன் அம்மா" எண்டு சொல்லிட்டு வைப்பன். அதுக்குப் பிறகு விடிய மூண்டு மணி வரைக்கும் நித்திரை வராது.

கம்பஸில் இரண்டாம் வருஷம் அது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்து இருந்தோம். ரூம் வாடகை இரண்டு மாதம் நிலுவை. கையில் மூன்று அசைன்மென்ட். ஊரில் அப்பாவின் வலையை இழுவைமடிப் படகு ஒன்று அறுத்துக்கொண்டு போயிருந்தது. புது வலைக்குக் கடன் எடுத்திருந்தார். "தொழில் எப்பிடி அப்பா?" எண்டு கேட்டால் "பறவாயில்லை, நீ படி" எண்டுதான் சொல்லுவார்.

ஒரு நாள் விரிவுரை நடந்துகொண்டிருக்கும்போது நெஞ்சு படபடத்தது. கை விறைத்தது. மூச்சு எடுக்க ஏலாமல் வெளியே ஓடினேன். இதய வருத்தம் எண்டுதான் நினைச்சன். சோதித்துப் பார்த்த டொக்டர், இதயத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை, இது மன அழுத்தம் எண்டார். ஆபத்து வந்தால் ஓடுறதுக்கு உடம்பு தன்னைத் தயார்படுத்தும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு குறுகும். என்னுடைய உடம்பு, ஓட வேண்டிய ஆபத்து எதுவும் இல்லாமலே அப்படி ஓடத் தயாராகியிருந்தது.

இரவில் போனில் 'செல்ஃப் கேர்' எண்டு தேடினேன். வாசனை மெழுகுதிரி, முகப்பூச்சு, ஸ்பா, எல்லவுக்கு ஒரு ட்ரிப். வாடகை கட்டக் காசில்லாத எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. இதெல்லாம் காசு இருக்கிற ஆக்களுக்கு எண்டு முடிவு கட்டினேன். அந்த முடிவு பிழை எண்டு லீவுக்கு ஊருக்குப் போன பிறகுதான் விளங்கினது.

சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி தாண்டி மன்னாருக்குப் போய், அங்கிருந்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். வாடைக் காலம். விடிய நாலரைக்கு அம்மம்மா எழும்பி, பாயில் இருந்து செபமாலை சொல்லுறா. சின்ன வயசில் இருந்து கேக்கிற சத்தம்தான். அண்டைக்கு நித்திரை இல்லாமல் படுத்திருந்து அவாவின்ர மூச்சைக் கவனிச்சன். ஒரு மன்றாட்டுக்கு ஒரு நீண்ட வெளிமூச்சு. அவசரமே இல்லை. 2006 ஜூன் 17, எங்கட தேவாலயத்துக்குள்ள தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் தாக்குதல் நடந்த அன்று, அம்மம்மாவும் உள்ளே இருந்தவா. "என்னண்டு அம்மம்மா அதுக்குப் பிறகு நித்திரை கொண்டனீங்க?" எண்டு கேட்டேன். "எங்க நித்திரை? இதச் சொல்லிச் சொல்லித்தான் விடிஞ்சது" எண்டா.

கம்பஸுக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. 23 பேரை இலத்தீனில் செபமாலை மன்றாட்டையும், பிறகு ஒரு யோக மந்திரத்தையும் சொல்லவைத்து அளந்திருக்கிறார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவையாக இறங்கியது. சாதாரணமாக நாங்கள் 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். போர்க்காலத்தில் பல வருடங்கள் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரமும், தன்னிடம் வந்தவர்களுக்கு அவரவர் சமயத்தில் பழகிய செபத்தையும் மூச்சுப் பயிற்சியையும் சாந்தி ஆசனத்தையும் சிகிச்சையின் பகுதியாகப் பயன்படுத்தியவர். சமய நம்பிக்கை இல்லாதவர்கள் எண்ணிக்கொண்டே மூச்சை மெதுவாக விடலாம். அதுக்கும் காசு தேவையில்லை.

ஆனால் எனக்கு உண்மையில் உதவினது வேற ஒண்டு. அந்த லீவில் ஒரு பின்னேரம் வாடியடியில் அப்பா பழைய வலை பொத்திக்கொண்டு இருந்தார். நூல் பிடித்துக் கொடுக்க நானும் இருந்தேன். பக்கத்தில் இருந்த மாமாமார் தங்கட கடன், வட்டி எல்லாத்தையும் வெளிப்படையாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழும்பிப் போன பிறகு அப்பாட்ட சொன்னேன்: "அப்பா, எனக்கு கனநாளா நித்திரை இல்லை. ஒரு நாள் மூச்சு நிண்ட மாதிரி வந்தது."

அப்பா கையை நிப்பாட்டினார். "எனக்கும் நித்திரை வாறேல்ல பிள்ளை. உனக்குச் சொன்னா படிக்க மாட்டாய் எண்டுதான் சொல்லேல்ல."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்துறம் எண்டு நினைச்சு மாதக்கணக்கா பொய் சொல்லியிருக்கிறம்.

இப்ப என்னட்ட சில பழக்கங்கள் இருக்கு. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பிளேன்டீ இல்லை; குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். போன் இரவில் தலகாணிக்குக் கீழே இல்லை, மேசையில். அரை மணித்தியாலம் நடை, கிழமைக்கு ஐந்து நாள். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற 150 நிமிடமும் அதிலேயே வந்துவிடும். படபடப்பு வந்தால் அம்மம்மாவின்ர மூச்சு. எட்டு மணிக் கோலில் உண்மை.

கடன் இன்னும் முடியேல்ல. இழுவைமடியும் நிக்கேல்ல. அதையெல்லாம் மூச்சுப் பயிற்சி தீர்க்காது. அதுக்குச் சங்கமும் சட்டமும் போராட்டமும் வேணும். ஆனால் நித்திரை இல்லாத ஆள் எதுக்கும் போராட ஏலாது.

இந்தப் பழக்கங்களால் குறையாத அழுத்தமும் இருக்கு. கிழமைக்கணக்கா நித்திரை இல்லை, வாழவே வேண்டாம் போல இருக்கு எண்டால் தனியா இருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண்ட இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அதுக்கு முதல், இண்டைக்கு இரவு வீட்டில இருந்து ஆராவது "எப்பிடி இருக்கிறாய்?" எண்டு கேட்டால், கொஞ்சம் யோசிச்சுப் பதில் சொல்லுங்கோ.