பிரிஞ்சு போறதும் ஒரு உரிமைதான்

கலைப்பீடத்தில எங்களில் பலர் அசைன்மென்ட் அடிக்கிறது லிப்ரே ஒபிஸில்தான். காசு குடுக்கத் தேவையில்லை எண்டு எடுத்தது. அது ஒரு பிரிவில் பிறந்ததென்று பிறகுதான் அறிந்தோம்.

2010இல் சன் நிறுவனத்தை ஒராக்கிள் வாங்கியபோது ஓபன் ஒபிஸும் கைமாறியது. அதன் எதிர்காலம் ஒரு கம்பனியின் கையில் இருக்கக்கூடாதென்று நினைத்தவர்கள், யாரும் எடுத்து மாற்றலாமென்று உரிமம் அனுமதித்த மூலநிரலோடு அதே ஆண்டு செப்டெம்பரில் தனியே போனார்கள். பெயரை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. இதைத்தான் ‘ஃபோர்க்’ என்கிறார்கள்.

ஒரே வேலையை இரண்டு குழுக்கள் செய்யிறது வீண்தானே எண்டு எங்களுக்குள்ளயே கேட்டம். வீண்தான். ஆனால் உள்ளே இருந்து சொல்லியும் எடுபடாதபோது, சேர்ந்து கட்டியதைக் கைவிடாமலே வெளியேறலாம். அப்படிப் போகலாம் என்பதே உள்ளே இருப்பவர்களின் சொல்லுக்கும் கனம் சேர்க்கிறது.

எங்கட சங்கங்களில் பிரிஞ்சு போறவை வெறுங்கையோடதான் போகினம்.